இடது கதவில் ஒரு நெளிசல்

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் பெயிண்ட் செக்கிங் எனக்கு வேலை. நெளிசலோ கீறலோ கண்ணில் பட்டால், அந்த இடத்தில் சிவப்பு டேப் ஒட்டி அனுப்பிவிடுவேன்.

லீவு நாட்களில் உட்கார்ந்து, அப்பா ஓட்டிய பழைய டாக்சி போலவே ஒரு பிளாஸ்டிக் மாடல் செய்தேன். அந்த டாக்சியின் இடது கதவில் ஒரு நெளிசல் உண்டு. அதையும் சூடான ஸ்பூனால் அழுத்திக் கொண்டுவந்தேன்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால், நெளிசல்மேல் சிவப்பு டேப். என்னோடு லைனில் நிற்கும் ரூம்மேட்தான் ஒட்டியிருந்தாள்.

"இன்னாடி, இத எப்டி விட்ட?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. டேப்போடு போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"டிக்கியிலயும் ஒண்ணு உண்டே தாயி, அத விட்டுட்டியே."

இந்த முறை ஸ்பூனை அவள் சூடாக்கினாள்.