நானூற்றெழுபதா, இருநூற்றெழுபத்தைந்தா

முந்தாநாள் பக்கத்து வீட்டில் கதவுக்கு மெருகேற்றினார்கள். இங்கே ரங்கூன் ஓரத்துத் தாகேதாவில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்பவை. அங்கே டப்பாவைத் திறந்தால் இங்கே வாசனை. தச்சர் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேக்குப் பலகையில் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் தேநீரை ஆறவிட்டு மூக்கை நீட்டியபடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "என்ன மாமா, உடம்புக்கு முடியலையா?" என்று மருமகள் கேட்டாள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. என் இருபது வயசுகளில், ரங்கூன் நகரத்துக்குள் ஒரு துப்பாக்கிக் கடையில் நாள் முழுக்க நான் முகர்ந்த வாசனை அது. ரைபிள் கட்டைகளுக்கு அந்த எண்ணெயைத்தான் பூசுவோம். மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷ்தான் எனக்கு அந்த விற்பனையாளர் வேலையை வாங்கிக் கொடுத்தது. உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் ஒரு சிட்டுக்குருவியைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் வாடிக்கையாளர் உள்ளே வந்துவிட்டால், காட்டெருமை போன வாரந்தான் என்னை முட்ட வந்தது போலப் பேசுவேன். முதலாளி பார்சிக்காரர், கல்லாவில் உட்கார்ந்து மீசைக்குள் சிரிப்பார்.

என் பேச்சுக்கு மயங்காதவர் டாக்டர் ஞானமுத்து ஒருவர்தான். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர், ஆஸ்பத்திரியில் அறுவை டாக்டர். குச்சி உடம்பு, குறுகின தோள், தடித்த கண்ணாடி. விடுமுறை கிடைத்தால் பெகு மலைக்காட்டில் வேட்டை. அந்த வருஷம் ஒரு மாதமாகக் கடைக்கு வந்துபோனார், ஒன்றும் வாங்கவில்லை. இரண்டு ரைபிள்களை மாற்றி மாற்றித் தோளில் வைத்துப் பார்ப்பார். ஒன்று இருநூற்றெழுபத்தைந்து: ஒல்லியான ஒற்றைக்குழல், சுண்டுவிரல் கனத்தில் குண்டு, தோளுக்கு நோவே தெரியாது. மற்றது நானூற்றெழுபது: இரட்டைக்குழல், யானைக்கென்றே செய்தது. அதன் தோட்டாவை மேஜைமேல் நிறுத்தினால் சாமிக்கு ஏற்றும் மெழுகுவத்தி போல நிற்கும். சுட்டால் எதிரில் நிற்பதற்கு விழுகிற அடியில் பாதி சுடுகிறவருக்கும் விழும்.

"உங்க உடம்புக்குச் சின்னதுதான் ஐயா. குறி தப்பாது" என்றேன் ஒருநாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன வருஷம் சின்னதுதான் வச்சிருந்தேன் தம்பி. காட்டெருமை. குறி தப்பல, தோள்லதான் பட்டுச்சு. ஆனா விழல. கோரைக்குள்ள போயி நின்னுக்கிச்சு. எனக்கு வழி காட்டுற கரேன் மலைஜாதி ஆளு முன்னால போனான். கொம்பு வயித்துல ஏறிடுச்சு. நான் டாக்டர்தானே? அவன் குடலைக் கையில அள்ளி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். சாயங்காலம் வரைக்கும் பேசிக்கிட்டே இருந்து செத்தான்."

அதற்குப்பின் நான் அவரிடம் என் காட்டெருமைக் கதைகளைச் சொல்லவில்லை.

கடைசியில், இரண்டையும் சுட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றார். பசுண்டவுங் ஓடைக்கரையில் ஒரு மரவாடி. அதன் பின்னால் இருந்த உயரமான மண்மேட்டில் குறி நட்டுச் சுட மேனேஜர் எங்கள் கடைக்கு அனுமதி கொடுத்திருந்தார். ஒரு மத்தியானம் குதிரை வண்டியில் போனோம். குறி சுடத்தானே என்று சின்னதற்கு மான் சுடுகிற ஈயமுனைத் தோட்டாக்களை எடுத்துப் போயிருந்தேன். பெரியதற்கு முழுக்க உலோகம் போர்த்திய தோட்டாக்கள். யானை மண்டையில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்துவிடும் என்பார்கள்.

அந்தக் காலத்து மரவாடியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நீராவி வாள் ஒரு பக்கம் அலறும். இன்னொரு பக்கம் யானைகள் சத்தமில்லாமல் கட்டைகளைத் தந்தத்தில் ஏந்தி அடுக்கும், நெற்றியால் தள்ளி வரிசை பார்க்கும். பாகனைப் பர்மியர்கள் 'ஊஸி' என்பார்கள். கப்பலில் வந்திறங்கிய புதிதில், இத்தனை பெரிய பிராணியை ஓர் ஊசி ஓட்டுகிறதா என்று நான் கேட்டு ஊரே சிரித்திருக்கிறது.

அன்று வண்டியை விட்டு இறங்கும்போதே கூச்சல் கேட்டது. மதம் கண்டதால் கட்டிப்போட்டிருந்த மௌங் ஜீ என்ற கொம்பன் யானை சங்கிலியை அறுத்துவிட்டது. மரத்தூள் கூடை சுமந்துவந்த ஒரு தெலுங்குக் கூலியைக் கட்டை அடுக்கோடு வைத்து நெற்றியால் அழுத்திவிட்டது. நான் பார்த்தபோது அவர் நின்றுகொண்டுதான் இருந்தார்; நெஞ்சு மட்டும் இல்லை. யானை திரும்பிக் கூலி லைன் வீடுகளைப் பார்த்து நடந்தது. அங்கே சோறு பொங்கிக்கொண்டிருந்த பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். வயசான ஒருத்தி ஓட முடியாமல் அடுப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

யானையின் ஊஸி கோ பா தின், நாற்பது வயசுக்காரர், டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சுடாதீங்க சயா. ரெண்டு நாள்ல மதம் இறங்கிடும். நான் கூப்பிட்டா நிப்பான்" என்று பர்மிய மொழியில் கெஞ்சினார். கூப்பிட்டும் பார்த்தார். அது நிற்கவில்லை.

இரண்டு ரைபிள்களையும் ஏந்தி நின்ற நான், "எது ஐயா?" என்றேன். ஒரு மாதமாகக் கேட்ட கேள்விதான். அவர் யோசிக்கவே இல்லை. பெரியதைப் பிடுங்கித் தோட்டாக்களைப் போட்டு ஓடினார். கிழவிக்கும் யானைக்கும் நடுவில் நின்று சுட்டார். சத்தத்தில் என் காது அடைத்துப்போனது. யானை வீறிட்டது, முன்னங்கால் மடங்கியது, பக்கவாட்டில் சாய்ந்தது. டாக்டரும் பின்னால் போய் விழுந்தார்.

மரவாடியே ஆரவாரமிட்டுக்கொண்டு ஓடிவந்தது. டாக்டர் எழுந்து தொண்டை கிழியக் கத்தினார்: "கிட்டப் போகாதீங்க! மூளைக்கு மேல பட்டிருக்கு! மயக்கம்தான், சாகல!"

கூட்டம் நின்றது. கோ பா தின் நிற்கவில்லை. நேரே போய் யானைத்தலைக்கு அந்தப் பக்கம் விழுந்து, தும்பிக்கையைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்போது அதன் காது அசைந்தது.

டாக்டர் ரைபிளைத் தூக்கினார். இன்னொரு குழலில் தோட்டா இருந்தது. தூக்கியவர் அப்படியே நின்றார். எனக்கும் புரிந்தது. அந்தக் குண்டு மண்டையைத் துளைத்துக்கொண்டு போனால் மறுபக்கம் கோ பா தின்னின் நெஞ்சு. என்னைத் திரும்பிப் பார்த்தார், என் கையிலிருந்த சின்னதைப் பார்த்தார். ஈயமுனை. அந்த எலும்பில் நசுங்கிப்போகும், யானைக்கு வலி மட்டும் கூடும். பெரியது யானையையும் ஊஸியையும் கொல்லும். சின்னது ஒருவரையும் கொல்லாது.

"போச்சுடா" என்று சொல்லிக்கொண்டு அவர் ஓடினார். யானையைச் சுற்றிப்போய் ஊஸியின் முடியைப் பிடித்து இழுத்தார். யானை எழுந்தது. எழும்போது அதன் முன்னங்கால், இழுபட்டு வந்துகொண்டிருந்த கோ பா தின்னின் முழங்காலுக்குக் கீழே ஊன்றியது. பச்சை மூங்கில் நெரிவது போன்ற சத்தம். தும்பிக்கை டாக்டரின் தலைக்கு மேல் உயர்ந்தது. தோளில் வைக்க நேரமில்லை. குழலைக் காதோரத்தில் ஏறக்குறையத் தொட்டு, கட்டையை நெஞ்சில் கொடுத்துச் சுட்டுவிட்டார். மலை சரிந்த மாதிரி அது அந்தப் பக்கம் விழுந்தது. இந்தப் பக்கம் விழுந்திருந்தால் இதைச் சொல்ல ஆள் இருந்திருக்காது.

நான் போனபோது டாக்டரின் கண்ணாடி முழுக்க ரத்தம், அவருடையதல்ல. காறை எலும்பு உடைந்து ஒரு கை தொங்கியது. "வாரைக் கழட்டு, தம்பி!" என்றார். ரைபிளின் தோல்வாரை உருவி, அவர் சொன்ன இடத்தில் கோ பா தின்னின் தொடையில் கட்டி, ஒரு குச்சி செருகி முறுக்கினேன். ரத்தம் நின்றது. கால் நிற்கவில்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரியில் எடுக்க வேண்டியதாயிற்று. உடைந்த கையால் டாக்டருக்கு வெட்ட முடியாது. வேறொருவர் வெட்ட, தலைமாட்டில் நின்று பார்த்தார்.

பெரியதைத் திருப்பிக் கொடுக்க வந்த டாக்டரிடம், கட்டை கீறியிருக்கிறது, இனி விற்காது என்று முதலாளி மறுத்துவிட்டார். மனுஷருக்கு அதுதான் கவலை! "ஒரு மாசமா யோசிச்சேன் தம்பி, எது சரின்னு. அங்க ரெண்டுமே சரியா இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் அதை எடுத்துப்போனார்.

மழைக்காலம் முடிந்து, கோ பா தின் இரண்டு கக்கத்திலும் கட்டை ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் பார்க்கக் கேட்டது அந்தப் பெரிய ரைபிளின் தோட்டாவைத்தான். எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார். கட்டைவிரலை அதன் பக்கத்தில் வைத்து அளந்தார்.

"வலிச்சிருக்குமா?"

நான் விற்பனையாளன் அல்லவா? "தெரிஞ்சே இருக்காது, அண்ணே" என்றேன்.

"ரெண்டாவது தெரிஞ்சிருக்காது" என்றார். "முதல் குண்டுக்குக் கத்தினானே. அவன் என்னைத்தான் கூப்பிட்டான். அதனாலதான் போனேன். டாக்டர் சயாகிட்ட சொல்லுங்க. நான் புத்தி கெட்டுப் போயி ஓடலன்னு."

சொன்னேன். மறுநாள் டாக்டர் படகு பிடித்து, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற டாலாவுக்குப் போய் கோ பா தின்னின் வீட்டு மூங்கில் தரையில் உட்கார்ந்துவிட்டு வந்தார் என்று கேள்வி. இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

யுத்தத்தில் கடை எரிந்தது. ஜப்பான்காரன் குண்டு விழ ஆரம்பித்ததும் டாக்டர் நோயாளிகளோடு வடக்கே நடந்தவர்தான். இந்தியா போய்ச் சேர்ந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. மரவாடிகளுக்கு இயந்திரத் தூக்கிகள் வந்து, பிறகு மரவாடிகளே போயின.

கோ பா தின்னைமட்டும் யுத்தத்துக்குப் பிறகும் சில வருஷம் பசுண்டவுங் கரையில் பார்த்திருக்கிறேன். கட்டையே இல்லாத சேற்றைப் பார்த்து நின்றுகொண்டு, உட்கார், தூக்கு, மெல்ல, போதும் என்று யானைக்கு மட்டும் சொல்கிற சொற்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பார். அப்புறம் அவரையும் காணவில்லை. அந்தச் சொற்கள் தெரிந்த ஆள் இன்று இந்த நகரத்தில் ஒருவர்கூட இல்லை.