என் குரலுக்குப் போட்ட பூட்டு

திண்டிவனத்தில் எங்கள் ரெக்கார்டிங் கடையில் இரண்டு ஆண்கள் பதினைந்து வருஷம் போலச் சண்டை போட்டார்கள். ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொருவர் மயிலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்த வாத்தியார். சொத்துச் சண்டையோ கட்சிச் சண்டையோ இல்லை. விண்டோஸா லினக்ஸா, எந்த வகைக் கோப்பில் பாட்டைச் சேமிப்பது, ஒரு பாட்டு பாடினவருக்குச் சொந்தமா கேட்கிறவருக்குச் சொந்தமா என்பதுதான் தகராறு. பாடினவள் நான், பக்கத்திலேயே கேசட் பதிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

நாங்கள் கடை போட்டது 1993இல். வீட்டுக்காரர் ஒலக்கூர்ப் பக்கம், நான் முகையூர்ப் பக்கம். என் அப்பா வீட்டில் மல்லாட்டையும் கேப்பையும் பயிர் வைத்தார்கள். எனக்கு வாய்த்தது தொண்டை. சுற்றுப்பட்டு ஊர்களில் எந்தப் பெண்ணுக்கு நலங்கு வைத்தாலும் பாட என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெருமையாகத்தான் இருந்தது, இப்போது சொல்வதற்கு என்ன வெட்கம்.

மகள் நடக்கப் பழகிய சமயத்தில் தொண்டையில் கட்டி என்றார்கள். பாண்டிக்குப் போனோம். குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவர் கடை ஷட்டரை இறக்கினார். மின்விசிறிச் சத்தம் பதிந்துவிடும் என்று அதையும் நிறுத்தினார். வேர்த்து ஊற்றியது.

“பாடு” என்றார். நலங்குப் பாட்டு ஒன்றைப் பாடினேன். வலித்தது, ஆனாலும் முடித்தேன்.

“கொழந்தைக்கு எதுனா சொல்லு.”

“இன்னா சொல்றது?”

“எதுனா சொல்லு.”

தினமும் சொல்வதைத்தான் சொன்னேன். “சோறு ஆறிப் போவுது, வா கண்ணு.” அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. “போதும், நிறுத்து” என்றேன். அவர் நிறுத்தவில்லை. நான் மூக்கைச் சிந்தினது வரைக்கும் பதிந்தது. பிறகு கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்தார். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டின் மேல் வேறு எதையும் பதிய முடியாது.

கழுத்தில் மூச்சு விட ஒரு துளையோடு வீடு திரும்பினேன். அவர் தினமும் சாயங்காலம் அந்தக் கேசட்டைப் போட்டார். அன்பில்தான் போட்டார், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நான் அடுப்படியில் வாய் செத்து நிற்கிறேன், கூடத்தில் நான் பாடுகிறேன். “வா கண்ணு” என்று பெட்டி கூப்பிடும். குழந்தை என் புடவையை விட்டுவிட்டுப் பெட்டியிடம் ஓடும். ஸ்பீக்கர் துணியை நகத்தால் பிறாண்டிப் பார்க்கும், அம்மா உள்ளே இருக்கிறாளா என்று. அந்தப் பெட்டியைப் போல வேறு எதன்மீதும் நான் பொறாமைப்பட்டதில்லை.

அந்தப் பெட்டியிடமிருந்து குழந்தையை மீட்க எனக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. வாசலில் கிரில் கேட் இருந்தது. விரலில் கல்யாண மோதிரம் இருந்தது. மோதிரத்தால் கேட்டில் தட்டினேன். நிதானமாக இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. தெருக்கோடியில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். அடுத்த நாளும் தட்டினேன், வந்தாள். அதற்கப்புறம் அந்தத் தெருவே பழகிவிட்டது. “தோ பாரு, உங்கம்மா கூப்புடுறாங்க, ஜல்தி போ” என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் விரட்டிவிடுவார்கள். குழந்தை பெட்டியை மறந்தாள், அவரும் கேசட்டை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டார்.

கேசட் போய் சிடி வந்தபோது கம்ப்யூட்டர் வாங்கினோம். கம்ப்யூட்டரோடு வாத்தியாரும் வந்து சேர்ந்தார். பழைய பாட்டு பதிய வந்தவர், எங்கள் திரையைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

“இன்னாண்ணே, விண்டோஸா? அதுவும் திருட்டு சிடி.”

“ஊருல எல்லாரும் அதாங்க சார் போட்டுக்கினு இருக்காங்க.”

மறுவாரமே ஒரு லினக்ஸ் சிடியோடு வந்தார். காசு வேண்டாம், யாருக்கு வேண்டுமானாலும் காப்பி எடுத்துக் கொடுக்கலாம் என்றார். சண்டை அன்றைக்குத் தொடங்கியது.

“அண்ணே, எடுத்த மல்லாட்டையில அடுத்த போகத்துக்கு வெத எடுத்து வெக்கிறீங்களா இல்லியா? பக்கத்துக் கொல்லைக்காரர் கேட்டா குடுக்கிறீங்களா இல்லியா? அத மாதிரிதான் இதுவும். வெதைய வித்தவன் வந்து, நீ திருப்பி வெதைக்கக் கூடாதுன்னா சும்மா இருப்பீங்களா?”

“அதெல்லாம் நியாயம்தாங்க. உங்க லினக்ஸ்ல ஒரு எம்பி3 பாட்டு ஓட்டிக் காட்டுங்க பாக்கலாம்.”

ஓடவில்லை. வாத்தியார் முகம் சிவந்து போனது. எம்பி3க்குக் காப்புரிமை இருக்கிறது, அதனால் லினக்ஸோடு சேர்த்துத் தர முடியாது, அதற்குப் பதில் எந்தத் தடையும் இல்லாத ஆக் என்ற வகை இருக்கிறது என்று நெடுநேரம் விளக்கினார். என் வீட்டுக்காரர் சிரித்தார்.

“டிராக்டர்ல போட பாட்டு கேட்டு வர்றான் சார் ஒருத்தன். அவன் செட்டுல இந்த ஆக் ஓடுமா? யாவாரத்துல பேஜாரு பண்ணாதீங்க.”

எனக்கு அபிப்பிராயம் இல்லாமலா இருந்தது? மகளின் சிலேட்டு ஒன்று என் மடியிலேயே இருக்கும். நான் ஒரு வரி எழுதி நிமிர்வதற்குள் அவர்கள் அடுத்த சண்டைக்குத் தாவியிருப்பார்கள். எச்சில் தொட்டு அழித்துவிட்டு மறுபடி எழுதுவேன். அதற்குள் டீ வந்துவிடும். வாத்தியார் விண்டோஸோடு சேர்த்து ஏற்றிக் கொடுத்த லினக்ஸில் எனக்கு ஒன்று பிடித்திருந்தது. அதில் மெனுவெல்லாம் தமிழில் இருந்தன. கோப்பு, திருத்து, சேமி என்று திரை எனக்குத் தெரிந்த பாஷையில் பேசியது. இங்கிலீஷ் வராத நான் தட்டச்சு பழகியது அதில்தான். இதை எழுதுவதும் அந்தப் பழக்கத்தில்தான். ஆனால் பாட்டு ஓடவில்லை என்றால் கடைக்கு யார் வருவார்கள்? அதில் என் வீட்டுக்காரர் பக்கம் நியாயம் இருந்தது. இரண்டு பேரும் பாதிப் பாதி சரி என்று நான் எழுதிக் காட்டியபோது இரண்டு பேருக்குமே கோபம் வந்தது.

கம்ப்யூட்டரில் முதலில் ஏற்றியது என் கேசட்டைத்தான். ஏற்றி, ஒரு சிடியிலும் எழுதி வைத்தார். வாத்தியார் அதைக் கேட்டுவிட்டு மறுபடி ஒரு தடவை போடச் சொன்னார். பிறகு, “அண்ணே, இத நாலு எடத்துல காப்பி வைங்க. எனக்கு ஒண்ணு குடுங்க, பத்திரமா வெச்சிருக்கேன்” என்றார்.

“எம்பொண்டாட்டி குரலு எதுக்குங்க ஊரான் வூட்டுல?”

“பூட்டி வெச்சா அழிஞ்சிடும்ணே. பரவுனாதான் நெலைக்கும்.”

“அது உங்க லினக்ஸுக்கு. இது வேற.”

ஊர்ப் பாட்டையெல்லாம் காப்பி போட்டு விற்ற மனுஷர் அப்படிச் சொன்னார். நான் சிலேட்டில் ‘என்னைக் கேளுங்க’ என்று எழுதினேன். ஒருவரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பேச்சு ருசியில் பாடினவளை மறந்துவிட்டார்கள்.

அந்த வாரம் மயிலத்துக்குக் காவடி எடுக்கும் ஒருவர் பாட்டு பதிந்து தரச் சொன்னார். நான் அலமாரியிலிருந்து என் கேசட்டை எடுத்தேன். உடைந்த பல் இருந்த ஓட்டையின் மேல் செல்லோ டேப் ஒட்டினேன். ஒட்டிவிட்டால் எந்தக் கேசட்டின் மேலும் மறுபடி பதியலாம், ரெக்கார்டிங் கடைக்காரர்களுக்கு இது பால பாடம். என் நலங்குப் பாட்டின் மேல், என் “வா கண்ணு”வின் மேல், காவடிப் பாட்டு ஏறியது. காவடிக்காரர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். இன்றைக்கும் வருத்தம் இல்லை. வீட்டுக்காரர் வெற்று உறையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், உறையைத் திரும்ப அலமாரியில் வைத்தார். அதற்கப்புறம் கடையிலும் அந்தக் குரல் ஒலிக்கவில்லை.

ஆனால் அவருக்குப் பயம் பிடித்துவிட்டது. கொஞ்ச காலம் கழித்துக் கம்ப்யூட்டரைச் சுத்தமாக அழித்து, பாட்டு ஏற்றும் புது மென்பொருள் ஒன்று போட்டபோது, சிடியிலிருந்து என் குரலைத் திரும்பக் கம்ப்யூட்டருக்குள் இழுத்து வைத்தார். அந்த மென்பொருளில் ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் அடித்தால், பதியும் பாட்டு அந்தக் கம்ப்யூட்டரைத் தவிர வேறெதிலும் ஓடாது. டிக் அடித்தார். “இப்ப ஒருத்தனும் எடுக்க முடியாது” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் வைரஸ் தாக்கிப் படுத்தது, இன்னொன்று வந்தது, பிறகு லேப்டாப் வந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கோப்பை மறக்காமல் எடுத்து வைத்தார். ஒரு தடவையும் திறந்து பார்க்கவில்லை, எனக்குப் பிடிக்காதென்று. சிடியில் பூஞ்சை பிடித்து வெள்ளி உரிந்து போனதையும் யாரும் பார்க்கவில்லை.

மகள் விழுப்புரத்தில் படித்து அங்கேயே வேலைக்கும் போனாள். போனில் அவள் பேசுவாள், நான் மோதிரத்தால் போனைத் தட்டுவேன். ஆமாம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு. அவள் அதை வைத்தே மணிக்கணக்கில் என்னோடு வம்பு பேசுவாள். மாப்பிள்ளையும் விழுப்புரத்திலேயே அமைந்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மண்டபத்திலேயே நலங்கு என்று முடிவானது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “நலங்குக்கு உம் பாட்டதான் போடப் போறேன். ரேடியோ செட்டுக்காரன்கிட்ட சொல்லிட்டேன்.”

நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று.

“அது உங்கொரல கேட்டதே கெடையாதுடி. நெனப்பு தெரிஞ்சி ஒரு நாள் கேட்டதில்ல.”

சிலேட்டில் ‘வேண்டாம்’ என்று எழுத ஆரம்பித்து, பாதியில் அழித்துவிட்டேன். எனக்கும் ஆசை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் நான் வாய் மூடி நிற்க, ஸ்பீக்கரில் நான் பாடுவதை நினைத்தால் உடம்பு கூசியது. ஆனாலும் என் மகள் ஒரு தடவை கேட்கட்டுமே என்றும் இருந்தது.

அன்றைக்குத்தான் அவர் அந்தக் கோப்பைத் திறந்தார். பெயர் தெரிந்தது, எவ்வளவு நேரம் ஓடும் என்பதும் தெரிந்தது. ஓடவில்லை. உரிமம் இல்லை என்று திரையில் வந்தது. மறுபடி அமுக்கினார், மறுபடியும் அதேதான் வந்தது. வாத்தியாருக்குப் போன் போட்டார்.

வாத்தியார் தலை நரைத்து, கண்ணாடி போட்டிருந்தார். நலங்கு நாள் வரைக்கும் முயன்றார். என்னென்னவோ மென்பொருள் போட்டுப் பார்த்தார். நலங்குக்கு ஆள் சேர்ந்துகொண்டிருந்த நேரத்திலும் மண்டபத்து மூலையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் மூடினார்.

“சாவி அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல இருந்துச்சிண்ணே. அது எங்க?”

“காயலாங்கடையில போட்டுட்டேன்.”

இத்தனை வருஷச் சண்டையில் ஜெயித்துவிட்டவர் அவர். அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கேயோ போனது. என் குரல் எனக்குப் போய் வெகுநாள் ஆயிற்று, அவருக்கு அன்றைக்குத்தான் போனது.

ரேடியோ செட்டுக்காரர் ஏதோ சினிமாப் பாட்டைப் போட்டார். மண்டபம் முழுக்கச் சத்தம். நலங்குத் தட்டு தயாராகி நேரமாகிவிட்டது, பெண்ணைக் காணோம். மாடியில் எந்த அறையில் அலங்காரம் நடக்கிறதென்று தெரியவில்லை. மற்ற அம்மாக்களாக இருந்தால் படிக்கட்டில் நின்று ஒரு சத்தம் போட்டிருப்பார்கள். நான் இடுப்பிலிருந்து போனை எடுத்து அவள் நம்பரை அமுக்கினேன்.

பாட்டு முடிந்த இடைவெளியில் மாடியிலிருந்து சத்தம் கேட்டது. இரும்பில் மோதிரம் தட்டுகிற சத்தம். நிதானமாக இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. அதற்குப் பின்னால் எங்கள் தெரு பால்காரரின் ஹாரன், எதிர் வீட்டு நாய். எப்போது பதிந்தாளோ, எனக்குத் தெரியாது. என் நம்பர் வந்தால் மட்டும் அப்படி அடிக்கும்படி வைத்திருக்கிறாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. சுவரைப் பார்த்து நின்ற வீட்டுக்காரர் திரும்பினார். வாத்தியார் மேலே நிமிர்ந்து பார்த்தார். நான் போனை நிறுத்தத் தோன்றாமல் படிக்கட்டின் அடியிலேயே நின்றேன்.

பாதி பூ வைத்த தலையோடு மகள் படிக்கட்டின் மேலே வந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னாமா, கூப்ட்டியா?”