நீலம் ஏறாத பெட்டிகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் மண் பரிசோதனைப் பெட்டி தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் பூங்காவனம் பேக்கிங் வேலை பார்த்தாள். ஆப்பிரிக்காவில் மலாவி என்ற நாட்டில், ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கரில் மக்காச்சோளம் போடுகிறவர்களுக்குப் போகும் பெட்டிகள் அவை. மண்ணைக் கரைத்து வடிகட்டிய தண்ணீரில் பொடியைப் போட்டால், மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், எவ்வளவோ அவ்வளவு நீலம் ஏறும். அதைப் பார்த்துத்தான் உரம் போடுவார்கள்.

அண்ணனூரில் அவள் வீட்டுக்குப் பின்னால் கீரைப் பாத்தி உண்டு. புது லோடில் அட்டை நசுங்கியதால் கழித்துவிட்ட பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிப் போய், ஞாயிற்றுக்கிழமை தன் மண்ணையே சோதித்தாள். கூடை கூடையாகக் கோழி எரு கொட்டிய, மணிச்சத்து நிறைந்த மண். மூன்று தடவை செய்தும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

திங்களன்று அதே மண்ணைக் கொண்டுவந்து, கம்பெனியில் மீந்திருந்த போன மாதத்துப் பெட்டியில் பார்த்தாள். மை கொட்டியதுபோல நீலம்!

வெளியே லாரியில் ஆயிரத்து இருநூறு பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு மணிக்குள் துறைமுகத்துக்குக் கிளம்பியாக வேண்டும். பூங்காவனம் சூப்பர்வைசர் ராஜசேகரனிடம் ஓடினாள்.

"சார், லாரிய நிறுத்துங்க. பொடி கெட்டுப்போய்க் கீது."

"லேப்ல கையெழுத்துப் போட்டாச்சு. நீ பேக்கிங்கப் பாரு."

"நானே போட்டுப் பாத்தேன் சார். நீலமே வர்ல."

"உனக்குச் செய்யத் தெரியல. கப்பல விட்டா நீயா பதில் சொல்வே? நாளைக்கு வேலைக்கு வரணுமா, வேணாமா?"

அவள் காண்டிராக்ட் ஆள், ஒரு வார்த்தையில் அனுப்பிவிடலாம். ஆனாலும் லேபுக்குள் போனாள். அங்கே சோதனை செய்து கையெழுத்துப் போடுகிறவள் நிவேதிதா, படிப்பு முடித்து வந்து ஆறு மாதம்தான்.

"பாப்பா, இந்தப் பொடிய நீ பாத்தியா? நெஜத்தச் சொல்லு."

நிவேதிதா மேஜை மேலிருந்த ரிப்போர்ட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"மண்ணுல கீற சத்த இல்லேன்னு காட்டுது. அங்க ஒருத்தி இத நம்பி வேணாத ஒரத்தச் சுமந்துகினு போய்க் கொட்டுவா. நாம ஓடிப்போய்த் தடுக்க முடியுமா?"

நிவேதிதாவின் கண் கலங்கியது. "பாக்கலக்கா. சார் அவசரப்படுத்தினாரு. போன மாச ரிப்போர்ட்டையே எழுதிட்டேன்."

நிவேதிதாவே, மணிச்சத்து கலந்த சோதனைக் கரைசலை எடுத்துக்கொண்டு லாரிக்கு நடந்தாள். ராஜசேகரன் முன்னாலேயே நான்கு பெட்டிகளைப் பிரித்தாள். நான்கு குழாயிலும் நிறம் மாறவில்லை. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மணி பதினொன்றே முக்கால்.

"எறக்குங்கப்பா," என்றார்.

பொடி ஈரம் கோத்திருந்தது. புதுப் பொடி வந்து எல்லாவற்றையும் பிரித்துக் கட்ட ஆறு நாள் ஆனது. நிவேதிதாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். "உன்னால ஞாயித்துக்கெயம லீவும் பூட்ச்சு" என்று கூட வேலை செய்தவர்கள் பூங்காவனத்திடம் முகம் கொடுக்கவில்லை. பெட்டிகள் அடுத்த கப்பலில் போயின.

பத்து நாள் கழித்து ராஜசேகரன் அவளைக் கூப்பிட்டார். "இனிமே லோடு ஏத்தறதுக்கு முன்னாடி ரெண்டு பெட்டிய நீயும் பிரிச்சுப் பாரு."

"பாக்கறேன் சார். ரிப்போர்ட்ல கையெய்த்தும் நான் போடணும்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேனாவை நீட்டினார்.