அவள் பேசிவைத்த இருபத்தேழு பதிவுகள்

என் மனைவிக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு எங்களுக்குப் பத்து நாள்தான் இருந்தது. அந்தப் பத்து நாளும் படூர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மூன்று வயது மகளுக்காகப் பேசிப் பதிவு செய்தாள். கதைகள், தாலாட்டு, தலைக்கு எண்ணெய் வைக்கும்போது திட்டுவது, சும்மா பெயர் சொல்லிக் கூப்பிடுவது. மொத்தம் இருபத்தேழு.

"பத்திரமா வெச்சிடுங்க," என்றாள் கடைசி நாளில்.

"என் வேலையே அதுதானே," என்றேன்.

பொய்யில்லை. சிறுசேரியில் நான் பார்ப்பது பேக்கப் வேலை. யார் யாருடைய கம்பெனித் தகவல்களையோ இரண்டு ஊர்களில் நகலெடுத்து வைப்போம். வீட்டிலும் ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி அவள் பதிவுகளை நகலெடுத்தேன். பழைய போனை மாற்றியபோது அதிலிருந்த அவள் குரலையும் கம்ப்யூட்டரிலும் டிஸ்க்கிலும் ஏற்றிவிட்டு, போனில் இருந்ததையெல்லாம் அழித்துக் கொடுத்தேன். அந்த டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைக்கத்தான் சோம்பல். மூன்று வருடம் கம்ப்யூட்டரிலேயே செருகிக் கிடந்தது.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் குடியிருப்பில் இடி இறங்கியது. ஆபீசில் இருந்தபோது அவளிடமிருந்து மெசேஜ் வந்தது: 'கம்ப்யூட்டர்ல கருகின வாசனை.'

நாவலூர் ரிப்பேர் கடைக்காரர் கம்ப்யூட்டருக்குள் இருந்தது, வெளியே செருகியிருந்தது என்று இரண்டு டிஸ்க்குகளையும் பிரித்துப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, காப்பியையும் இதுலயே சொருவி வெச்சிகினு இருந்தியா?"

"ஆமா."

"ரெண்டும் பூட்ச்சு. லேபுக்கு வேணா அனுப்பிப் பாக்கலாம். நம்பிக்கினு இருக்காத." பிறகு கேட்டார்: "நீ இன்னா வேலை பாக்குற?"

"டெஸ்டிங்," என்று பொய் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து, டிஸ்க்கிலிருந்து மீட்டதை லேபிலிருந்து அனுப்பினார்கள். இருபத்தேழு பதிவுகளின் பெயர்களும், அவள் வைத்தபடியே, ஒன்று விடாமல் திரும்பியிருந்தன. திறந்தால் வெறும் இரைச்சல். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் திறந்தேன். பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். குறிப்பேட்டை எடுத்து எழுதி நீட்டினாள்.

'நல்லா இருந்தப்போ ஒரு தடவையாவது கேட்டீங்களா?'

இல்லை. மனம் தாங்காது என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அந்தத் தாளைக் கிழித்து, மடித்து, தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

மகளுக்கு இப்போது ஏழு வயது. போன வாரம் சாப்பிடும்போது கேட்டாள்: "அம்மா எப்படிப்பா பேசுவாங்க?"

பேசிக் காட்ட முயன்றேன். அவள் அம்மா அப்போது சொல்லும் வார்த்தைகள் நினைவிலிருந்தன, குரல் வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மனைவி, அப்படியில்லை என்று தலையசைத்தாள். இன்னொரு முறை முயன்றேன். மனைவி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.