எக்டமி என்று முடியும் வார்த்தைகள்

டீச்சர் ஆபரேஷனுக்குப் போவாரா மாட்டாரா என்பது கொஞ்ச நாள் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த கவலையாக இருந்தது. எங்களுக்கு அது தெரியவந்தது ஒரு வார்த்தை விளையாட்டில். வேறு எப்படியும் அவர் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

எண்ணூரிலிருந்து கடற்கரைக்குப் போகும் காலை ரயிலில், லேடீஸ் பெட்டியில் நாங்கள் மூன்று பேர். டீச்சர் கத்திவாக்கத்தில் ஏறுவார். இராயபுரத்தில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறார். திருவொற்றியூரில் கேஷியர் ஏறுவாள். வண்ணாரப்பேட்டையில் மொத்த ஜவுளிக்கடை ஒன்றில் கல்லாவில் உட்காருகிறவள். நான் கடைசி ஸ்டேஷன்வரை போகிறவள். கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் போடும் ஆபீஸில் வேலை.

கொருக்குப்பேட்டைக்கு முன்னால் ரயில் நின்றுவிடும். கன்டெய்னர் ஏற்றிய கூட்ஸ் வண்டிக்கு வழி விட வேண்டுமாம். மனுஷர்களை நிறுத்திவிட்டுப் பெட்டிகளை அனுப்புகிற ஊர் இது. அந்த இடத்தில் எனக்கு ரத்தம் கொதிக்கும், வாய்க்கு வந்ததைத் திட்டுவேன். அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய்த்தான் டீச்சர் அந்த விளையாட்டை ஆரம்பித்தார்.

ஒரே எழுத்துகளில் முடியும் நீளமான இங்கிலீஷ் வார்த்தைகளை ஆளுக்கொன்றாகச் சொல்ல வேண்டும். சொன்ன கையோடு அர்த்தத்தையும் சொல்ல வேண்டும், அதுவும் பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்குப் புரிகிற தமிழில். அர்த்தம் இல்லாத வார்த்தை செல்லாது. போனைப் பார்க்கக் கூடாது. ஜெயித்தவர் மறுநாளைக்கு வார்த்தையின் வாலை எடுத்துக்கொடுப்பார். பரிசு அவ்வளவுதான். அதற்கே நாங்கள் அடித்துக்கொண்டோம்.

ஒருநாள் 'ஃபோபியா' வால். கேஷியர் 'ஹைட்ரோஃபோபியா' என்றாள்.

"தண்ணின்னா பயம். எங்க தெருவுல அந்த வியாதி எவளுக்கும் கெடையாது. லாரி வர்றப்போ வந்து பாரு."

டீச்சர் 'கிளாஸ்ட்ரோஃபோபியா' என்றார். அடைசலான இடத்தில் மாட்டிக்கொள்ள பயப்படுவது என்று அவர் அர்த்தம் சொன்னபோது, யாருடைய டிபன் பையோ அவர் மூக்கில் இடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு நாள் 'பிலிட்டி'. ரெஸ்பான்ஸிபிலிட்டிக்குக் கேஷியர், "மாமியாரு ஊருக்குப் போறப்போ நம்ம தலையில கட்டிட்டுப் போறது" என்று அர்த்தம் சொன்னாள். செல்லாது என்றார் டீச்சர். செல்லும் என்று மீன்கூடை அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை வால் எடுத்துக்கொடுக்கும் முறை டீச்சருடையது. "எக்டமி" என்றார். "உடம்புல இருந்து எதையாவது அறுத்து எடுக்கறது."

"காலங்கார்த்தால வேற நல்ல வார்த்தையே கிடைக்கலையா டீச்சர்?" என்றேன். அவர் சிரித்துவைத்தார்.

கேஷியர் தொடங்கினாள். டான்சிலெக்டமி. "தொண்டையில சத எடுக்கறது. என் புள்ளைக்கு எடுத்தாங்க. அந்த வாரம் பூரா சோத்துக்கு பதிலு ஐஸ்கிரீம்தான் துன்னான்." நான் அப்பெண்டிசெக்டமி சொன்னேன். குடல்வாலை எடுப்பது. என் வயிற்றில் எடுத்ததுதான் என்பதால் அர்த்தத்துக்குத் தடுமாறவில்லை. கேஷியர் அடுத்து ஹிஸ்டரெக்டமி என்றாள். "கர்ப்பப்பைய எடுக்கறது."

"எனக்கும் எடுத்தாங்கம்மா!" என்றார் மீன்கூடை அம்மா. அவ்வளவுதான், பெட்டி முழுக்கப் பற்றிக்கொண்டது. எனக்கு எடுத்தது, என் நாத்தனாருக்கு எடுத்தது, எடுத்ததைத் தட்டில் வைத்துக் காட்டினார்கள் என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி தையலைக் காட்டவே புடவையை நெகிழ்த்தினாள். லேடீஸ் பெட்டியாக இருந்ததால் மானம் தப்பியது. பிறந்தபோது வந்த சாமான் முழுசாக இருக்கிறவர்கள் எங்கள் பெட்டியில் கம்மி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொருக்குப்பேட்டைக்கு முன்னால் ரயில் நின்றது. "உன் முறை டீச்சர்" என்றாள் கேஷியர்.

"மாஸ்டெக்டமி" என்றார் டீச்சர். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது.

"அர்த்தம்?"

டீச்சர் கூட்ஸ் வண்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்கு அரைகுறையாக உறைத்தது. விட்டுத்தொலையேன் என்று கேஷியரின் கையைக் கிள்ளினேன். அவள் கையை உதறினாள்.

"ரூலு நீ போட்டதுதானே டீச்சர்? சொல்லு."

"மாரை எடுக்கறது" என்றார் டீச்சர், வகுப்பில் சொல்கிற அதே குரலில். "எனக்கு இடது பக்கம். கேன்சர் கட்டியாம்."

மீன்கூடை அம்மா "அடி ஆத்தே" என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"எப்போ எடுக்கணும்னாங்க?" என்றாள் கேஷியர்.

"இந்த வாரமே வரச் சொன்னாங்க. பப்ளிக் எக்ஸாம் வருது, பிள்ளைங்களை பாதியில விட்டுட்டு எப்படிப் போறது? மே மாசம் பாத்துக்கலாம்னு இருக்கேன்."

"வூட்ல இன்னா சொல்றாங்க?"

"யாருக்கும் தெரியாது. அவர்கிட்ட சொன்னா முதல்ல அவரைத்தான் ஆஸ்பத்திரியில சேர்க்கணும்." டீச்சரின் கணவர் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். அத்தனை உயரத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் சோறு இறங்காதாம்.

கேஷியர் எழுந்தே நின்றுவிட்டாள்.

"இன்னா டீச்சர் பேசற நீ? மே மாசம் போறதுக்கு அது இன்னா தள்ளுபடி சேலா? நீ பேப்பர் திருத்தி முடிக்கிற வரிக்கும் கட்டி கைய கட்டினு குந்தினு இருக்குமா? நீ செத்தா உன் ஸ்கூல் ஒரு நாள் லீவு வுடும். புள்ளைங்க ஜாலியா கிரிக்கெட் ஆடப் பூடும். மறுநாளு வேற டீச்சர் வந்து பாடம் எடுக்கும். உன் வூட்டுக்காரருக்கு எவ வந்து நிப்பா?"

எனக்கு அவளை ஓங்கி அறையலாம் போலிருந்தது. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதால் கோபம் இன்னும் கூடியது. டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"பயமாத்தான் கீது" என்றார். இத்தனை வருஷத்தில் டீச்சர் வாயில் 'கீது' வந்து நான் கேட்டதில்லை.

கேஷியரே டீச்சரின் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். இரைச்சலில் கேட்காது என்று டீச்சர் ஸ்பீக்கரில் போட்டார். கணவர் இரவு ஷிஃப்ட் முடிந்து ஹார்பர் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, ரயிலு நின்னுட்ச்சா?"

"எனக்கு ஒரு ஆபரேஷன் பண்ணணும். மாஸ்டெக்டமி."

"அப்டின்னா?"

"மாரை எடுக்கறது. கேன்சர்." இரண்டாவது தடவை சொல்லும்போது அவருக்கு வாய் தடுக்கவில்லை.

அந்தப் பக்கம் லாரி ஹாரன் மட்டும் கேட்டது. ஆள் விழுந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"இராயபுரத்துல எறங்கு" என்றார் அவர். "வந்துகினே கீறேன்."

"ஸ்கூல் இருக்குங்க..." என்று டீச்சர் ஆரம்பிப்பதற்குள் போன் கட்டாகிவிட்டது.

வண்ணாரப்பேட்டை வந்தது. கேஷியர் இறங்கவில்லை. கடைக்கு லேட்டாகுமே என்றேன். "கல்லா எங்கியும் ஓடிப்பூடாது, நீ சும்மா வா" என்றாள்.

இராயபுரத்தில் மூன்று பேரும் இறங்கினோம். பிளாட்பாரத்தில் டீச்சரின் கணவர் நின்றுகொண்டிருந்தார், ஆரஞ்சு ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல். முகத்தில் ரத்தமே இல்லை. டீச்சரின் பூப்போட்ட கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டார். இரண்டு பேரும் படியேறிப் போனார்கள். அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. அதெல்லாம் பிறகு.

அன்றைக்குப் பிளாட்பாரத்தில் நானும் கேஷியரும்தான் மிச்சம். என் கோபம் இன்னும் ஆறவில்லை. "அவ்ளோ பேர் முன்னாடி டீச்சரை செத்துப்போவன்னு சொல்றியே, உனக்கு வாயில சனியா?" என்றேன்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். புர்காவின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கக்கா ரம்ஜான் முடியட்டும்னு சொல்லிச்சு" என்றாள். "நாங்களும் சரின்னுட்டோம். முடிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போனா, இனிமே எடுத்து பிரயோஜனம் இல்லன்னுட்டாங்க."