என் கையால் மட்டும்

சாப்பிடாமல் இருக்க ஒரு நாயைப் பழக்கினேன். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். உட்காரவும் படுக்கவும் என் இடதுகாலோடு ஒட்டி நடக்கவும் அதைப் பழக்கியவனும் நான்தான். அவற்றால் ஒருவருக்கும் தீங்கு வரவில்லை.

ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்களுக்குக் கீழே எழுதுவினைஞனாகச் சேர்ந்த நான், அவர்கள் போன பிறகும் துறைமுகக் களஞ்சியத்தில் அதே கதிரையில் இருந்தேன். அவர்கள் இருந்த காலத்தில், பின்னேரங்களில் நான் வேலை செய்த கந்தோரின் ஜன்னலுக்கு நேரே இருந்த திடலில் காவல் நாய்களைப் பழக்குவார்கள். ஒருவன் ஒரு சொல் சொல்வான். வரிசையில் நிற்கிற நாய்கள் எல்லாம் ஒன்றாக உட்காரும். வேலையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் அவர்களில் ஓர் அதிகாரி என்னைக் கண்டு, உங்கள் ஆட்கள் நாயைக் கண்டால் கல்லைத்தான் எடுப்பார்கள், பழக்குவதற்கு உங்களுக்குப் பொறுமை இல்லை என்று சிரித்தபடி சொன்னான். நானும் கூடச் சிரித்தேன். அப்படிச் சிரித்ததை நினைத்துப் பல ஆண்டுகள் எனக்குள் எரிந்துகொண்டிருந்தேன்.

அவர்கள் விட்டுப்போன அல்சேஷன் ஒன்றின் வழியில் வந்த குட்டியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெட்டை. ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் இருக்கும். அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் வைத்தேன். அந்தப் பெயரை எழுதக் கை வரவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் மனைவிதான் துணியைப் பாலில் தோய்த்து ஊட்டி அதை வளர்த்தாள். அவள் மீன் வெட்டும்போது அது குசினி வாசலில் கிடக்கும். அவள் எழுந்தால் எழும். சோற்றில் மீன்குழம்பைப் பிசைந்து உருண்டையாக அவள் நீட்டினால், முகர்ந்துகூடப் பாராமல் விழுங்கும்.

களஞ்சியத்தில் களவு அதிகமானபோது, காவலுக்குப் பழக்கிய நாய்களை எடுப்பதென்று முடிவானது. நாய் வைத்திருப்பவர்கள் கொண்டுவரலாம். கொழும்பிலிருந்து இளைப்பாறிய பொலிஸ் அதிகாரி ஒருவர் வந்து பரீட்சை வைப்பார். ஒட்டி நடக்க வேண்டும், இரு என்றால் இருக்க வேண்டும், உடையவன் கண்ணுக்கு மறைந்தாலும் வைத்த இடத்தை விட்டு அசையக்கூடாது, கூப்பிட்டவுடன் வரவேண்டும். கடைசியாக, அந்நியர் கொடுக்கிற உணவைத் தொடக்கூடாது. கள்ளர் இறைச்சியில் நஞ்சு வைத்து எறிவார்கள் என்பதால் அதுதான் முக்கியம் என்றார்கள்.

என்னிடம் நாய் பழக்குவது பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. வேலைக்குப் போகமுன் விடியற்காலையில் உட்துறைமுக வீதியோரப் புல்வெளிக்கு நாயைக் கொண்டுபோவேன். கோட்டைப் பக்கத்து மான்கள் அங்கே மேய வரும். "ஸ்டே" என்று சொல்லிவிட்டு நான் மரத்துக்குப் பின்னால் போய் நிற்பேன். மான்கள் அவளுக்கு முன்னாலேயே நடந்து போகும். அவளுடைய தோல் துடிக்கும், வாயில் நீர் வடியும். ஆனால் அசையமாட்டாள். அதைப் பார்க்கும்போது எனக்கு வந்த சந்தோஷத்தை வேறெதிலும் நான் கண்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதன் பிறகு உணவுப் பாடம் தொடங்கியது. ஒரே ஒரு கைதான் அவளுக்கு உணவு தரவேண்டும், மற்ற எந்தக் கையிலிருந்து வந்தாலும் அது வாயைச் சுடவேண்டும் என்று புத்தகம் சொன்னது. அதனால் அவளுக்கு நானே சோறு குழைத்துக் கொடுக்கத் தொடங்கினேன். பக்கத்து வளவில் இருந்த கரைவலைக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"கிளாக்கர் ஐயா, பெண்சாதிக்கு ஒரு நாளெண்டாலும் சோறு போட்டுக் குடுத்திருக்கிறியளோ? நாய்க்கெண்டாக் குழைச்செல்லோ ஊட்டுறியள்!"

குசினிக்குள்ளிருந்து என் மனைவி சொன்னாள்: "அடுத்த பிறப்பில நாயாப் பிறந்தா எனக்கும் கிடைக்குமோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ அண்ணை."

"அதுக்கும் பரீட்சை பாஸ் பண்ண வேணும் தங்கச்சி."

பாரைமீன் துண்டுக்குள் அரைத்த செத்தல் மிளகாயை வைத்து, முதலில் கரைவலைக்காரரைக் கொண்டு கொடுப்பித்தேன். ஒருதரம் வாய் வெந்ததும் நாய் அவருடைய கையைப் பார்க்காமலே விட்டது. அடுத்ததாக மனைவியைக் கூப்பிட்டேன்.

"நீரும் ஒருக்காக் குடும்."

"நானோ? நான் வளத்தவள் எல்லோ!"

"வீட்டாளிட்டயும் வாங்கக் கூடாது. புத்தகத்தில அப்பிடித்தான் கிடக்கு."

"கள்ளன் வந்து என்னையோ சோறு வைக்கச் சொல்லுவான்?" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். துண்டை வாங்கி நீட்டினாள். நாய் வழக்கம்போல முகராமல் விழுங்கியது. கொஞ்ச நேரத்தில் முன்கால்களால் வாயைப் பிறாண்டிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடியது. மனைவி உள்ளே போய்விட்டாள். இன்னும் சில தரம் அவளைக் கொண்டு கொடுப்பித்தேன். அந்தக் கிழமை முடியமுன், அவள் கை நீண்டால் நாய் முகத்தைத் திருப்பப் பழகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தேன். கண் திறந்து பார்த்த ஒரு நாள், கட்டிலருகில் மனைவி இருந்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது நாயைப் பற்றித்தான்.

"அவள் ஒண்டும் தின்னுறாளில்லை. தண்ணி மட்டும் நக்கிறாள். கோப்பையைக் கொண்டு கிட்டப் போனா எழும்பி வேலியடிக்குப் போறாள். என்ன செய்ய?"

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வழியைக் கண்டுபிடித்தவள் என் மனைவியேதான். நான் உடுத்துக் கழற்றிப் போட்ட, தோய்க்காத சாரத்தை வேலியடியில் விரித்து, அதன் மேல் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுத் தள்ளிப்போய் இருந்திருக்கிறாள். ஒரு முழுப் பகலும் அப்படி இருந்திருக்கிறாள். மாலையில் நாய் வந்து சாரத்தை முகர்ந்தது, பிறகு சோற்றைத் தொட்டது. அடுத்த நாள் சாரத்தின் ஓரத்தில் இவளும் இருந்தாள். அதற்கடுத்த நாட்களில் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் காய்ச்சல் இறங்கி வந்த ஒரு பின்னேரம், ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு என்ர கையால திண்டவள்!"

நான் பிழைத்ததைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது என்று சொல்லமாட்டேன். இரண்டும் அவளுக்கு ஒன்றாக இருந்தன. அவளுடைய கண்கள் நிறைந்திருந்தன. எனக்கு வந்த முதல் எண்ணம், பழக்கியதெல்லாம் பாழ் என்பதுதான்.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "இந்தப் பரீட்சை வேண்டாம். நீங்கள் அங்க கிடக்க அவள் இஞ்ச வேலியடியில கிடந்தவள். ரெண்டு சீவனுக்கும் நான் ஒருத்தி அழுதனான். இனி என்னால ஏலாது."

"சரி, விடும்," என்றேன். விடவில்லை. பரீட்சை பிற்போடப்பட்டு, இன்னும் ஒரு மாதம் இருந்தது. நாய் இல்லாமல் போவதை என்னால் தாங்க முடிந்திருக்கும். பரீட்சை இல்லாமல் போவதைத் தாங்க முடியவில்லை.

அவள் காலையில் நாய்க்கு உருண்டை பிடித்துக் குசினிப் பலகையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போவாள். ஒருநாள் அந்த நேரத்தில் நான் உள்ளே போய், உருண்டையைப் பிளந்து மிளகாயை வைத்து மூடினேன். தின்னக் கொடுத்தது அவள். நான் முன்னறையில் சவரம் செய்துகொண்டிருந்தேன். நாயின் குரல் கேட்டது. கண்ணாடியில் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு போய்ப் பார்த்தபோது, நாய் வாந்தி எடுத்த இடத்தில் அவள் குந்தியிருந்தாள். கோப்பையில் மிஞ்சியிருந்த சோற்றில் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கோப்பையைக் கழுவி வைத்தாள். அன்றைக்குப் பிறகு அவள் நாயைக் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டாலும் வந்திராது.

பரீட்சையில் நாய் ஒன்றிலும் பிழை விடவில்லை. கடைசியில் பரீட்சகர் நல்ல மாட்டிறைச்சித் துண்டொன்றை அவளுடைய மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு உதட்டில் தேய்த்தார். பிறகு காலடியில் போட்டார். அவள் முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தாள். இப்படி ஒரு நாயை இந்த நாட்டில் தான் கண்டதில்லை என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். கந்தோருக்கு நேரே இருந்த அதே திடலில்தான் இது நடந்தது.

தேறினால் அவள் என்னோடே களஞ்சியத்தில் நிற்பாள், மாலையில் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒருவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. நானாக நினைத்தது. குடாவுக்கு அக்கரையில் இருந்த களஞ்சியத்துக்கு அவளை அனுப்பினார்கள். அங்கே ஒரு காவலாளி அவளைப் பொறுப்பெடுத்தான். சிங்களவன், நல்லவன், நாய்களில் விருப்பமுள்ளவன். மூன்றாம் நாள் அவன் இக்கரைக்கு வந்து கந்தோர் வாசலில் நின்றான்.

"மாத்தயா, நாய் ஒண்டும் தின்னுறது இல்லை. நான் என்ர சோறும் குடுத்தது. பாக்கிறது, பிறகு அங்கால பாக்கிறது."

அன்று அவனோடு படகில் போனேன். என் கையால் தின்றாள். விரல்களுக்கிடையில் ஒட்டியிருந்த பருக்கைகளையும் நக்கினாள். படகு வெளிக்கிட்டபோது "ஸ்டே" என்றேன். மறையும்வரை படகுத்துறைப் பாலத்தில் அப்படியே இருந்தாள். மறுநாளும் போகக் கேட்டபோது, எனக்கு மேலதிகாரியான களஞ்சிய அத்தியட்சகர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தேறின நாய் எண்டு தந்தீர். நீர் போய் ஊட்டினாத்தான் தின்னுமெண்டா, அது என்ன தேறின நாய்?"

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இந்த நாயை நான் அளவுக்கு மீறிப் பழக்கிவிட்டேன், இதை மாற்ற வழி தெரிந்த ஒருத்தி என் வீட்டில் இருக்கிறாள், அவளை ஒரு கிழமைக்கு அங்கே போகவிடுங்கள் என்று சொல்லியிருந்தால் போதும்.

"புது இடம் சேர். ரெண்டு மூண்டு நாளில சரிவரும்," என்றேன்.

அடுத்த நாள் காலை என் பழைய சாரம் ஒன்றை மடித்துப் பையில் வைத்துக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். காவலாளியிடம் கொடுத்தனுப்ப நினைத்தேன். கொடுத்தால், எதற்கு என்று அவன் கேட்பான், அத்தியட்சகர் வரைக்கும் கதை போகும், பரீட்சையில் தேறிய நாயைப் பற்றி எல்லோரும் சிரிப்பார்கள். மாலையில் அந்தச் சாரத்தை மடிப்புக் குலையாமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். மனைவியிடமும் சொல்லவில்லை. நீர் கட்டியதை நான் திருட்டுத்தனமாக இடித்தேன், இன்னொருதரம் கட்டித் தாரும் என்று அவளிடம் கேட்க வேண்டியிருந்தது. கேட்டிருந்தால் அன்றே படகேறியிருப்பாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை.

அன்றிரவு சோறு போட்டுக்கொண்டு அவள் கேட்டாள்: "அவள் அங்க தின்னுறாளோ?"

அந்த வீட்டில் நாயைப் பற்றி அவள் வாய் திறந்து பல நாட்களாகியிருந்தன.

"ஓம்," என்றேன்.

காவலாளி பிறகு ஒருதரம் வந்தான். அந்தமுறை வாசலில் நிற்காமல் என் மேசைவரை வந்தான். நாயைக் கடற்கரைப் பக்கமாகக் குழி வெட்டித் தாட்டதாகச் சொன்னான். கடைசி நாட்களில் கோழி இறைச்சி வாங்கிக் கொடுத்துப் பார்த்தானாம். "என்னில ஏதோ பிழை மாத்தயா," என்றான். அவன் அப்படி நினைத்துக்கொண்டு போகட்டும் என்று அவனையும் விட்டுவிட்டேன்.

மனைவி இடைக்கிடை கேட்டாள். தின்னுறாளோ என்பாள், ஓம் என்பேன். மெலிஞ்சு போனாளோ என்பாள், இல்லை என்பேன். "ஒருக்காக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோவன். தூர நிண்டு பாத்திட்டு வாறன், கிட்டப் போகமாட்டன்," என்று ஒருநாள் கேட்டாள். வெளியாட்களை விடமாட்டார்கள் என்றேன். பிறகொரு தரம் கேட்டபோது, வாடைக்காற்று, படகு போகாது என்றேன். ஒவ்வொரு பொய்யும் முந்தியதைவிடச் சுலபமாக வந்தது.

பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். யாரும் சொன்னார்களா, என் முகத்தில் கண்டாளா, எனக்குத் தெரியாது. அதன் பிறகும் நாங்கள் ஒரே வீட்டில் நீண்ட காலம் இருந்தோம். எனக்கு நேரத்துக்குச் சாப்பாடு வைத்தாள். கோயிலுக்கு ஒன்றாகப் போனோம். கரைவலைக்காரர் நல்ல நாய்க்குட்டி ஒன்று இருக்கிறது என்று சொன்னபோது, "வேண்டாம் அண்ணை, இவர் வளக்க ஏலாது," என்றாள். அதற்கு அவர் பகிடியாக ஏதோ சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

அவள் இறந்துபோய்ச் சில ஆண்டுகளாகின்றன. அவளிடம் சொல்லாததை இப்போது எழுதினால் என்ன பயன் என்று பலதரம் யோசித்தேன். ஒரு பயனும் இல்லை.