யாரு இதுல கை வெச்சது?

பழைய கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்க்கும் அந்த மனிதரை எல்லோரும் 'பீப்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி நிற்பார். உள்ளிருந்து 'பீப்' என்று வரும் கீச்சொலி ஒன்றா மூன்றா, நீளமா குட்டையா என்று கேட்டே கோளாறு எதுவென்று சொல்லிவிடுவார்.

வேலையில் கெட்டிக்காரர். வாய்தான் சும்மா இருக்காது. எங்கே போனாலும் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, "யாரு இதுல கை வெச்சது?" என்று ஒரு அதட்டல் போடுவார். அங்கிருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் திருதிருவென்று விழிப்பார்கள். அந்த நேரத்தில் இவர் நிதானமாகக் கோளாறைத் தேடிக்கொள்வார்.

"எதுக்குங்க இந்த வாய்?" என்று மனைவி கேட்டால், "அடிப் போடி, அது ஒரு தொழில் தந்திரம்" என்பார்.

அவருடைய ஐம்பத்திரண்டாவது வயதில், ஒரு காலையில், முன்பு எப்போதோ ஒரு தடவை போயிருந்த தகரம் வெட்டும் பட்டறை ஒன்றிலிருந்து போன் வந்தது. அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து நடத்தும் பட்டறை. வெட்டும் மெஷினை ஓட்டுவது முப்பது வருஷத்துக் கம்ப்யூட்டர். வெட்ட வேண்டிய வடிவங்களின் வரைபடங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. அண்ணனுக்கு அந்தப் பெட்டி உயிர். தம்பிக்கு அதைக் கண்டாலே எரிச்சல், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும் என்பான். இதில் மூண்ட சண்டையில் இருவரும் நேரடியாகப் பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பத்தடி தள்ளி நின்றுகொண்டு வேலையாட்கள் மூலம் பேசிக்கொள்வார்கள்.

பீப் ஸ்விட்சைப் போட்டார். உள்ளே விசிறி சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது. கண்ணை மூடிக் காத்திருந்தார். ஒரு கீச்சு கூட வரவில்லை.

மூடியைக் கழற்றப் பின்பக்கம் திருப்பினார். நான்கு திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தது. நான்காவது துளையைச் சுற்றி ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய கீறல்.

"யாரு இதுல கை வெச்சது?" என்றார் வழக்கம்போல. "யாரோ திறந்து நல்லா நோண்டியிருக்காங்க."

"யாரு?" என்றான் அண்ணன்.

"எனக்கென்ன தெரியும்? திறந்த ஆளைக் கேளுங்க." சிரித்துக்கொண்டே மூடியைக் கழற்றி மேஜையில் சாய்த்து வைத்தார்.

அண்ணன் தம்பியின் பக்கம் திரும்பினான். "நீதானே?"

"நான் எதுக்கு அதைத் தொடறேன்? அது தானா செத்துச்சு. செத்தது நல்லதுதான்."

"நல்லதா?"

சாய்த்து வைத்திருந்த மூடியை இரண்டு கையாலும் தூக்கி அண்ணன் ஓங்கி வீசினான். தகரத்தின் விளிம்பு தம்பியின் புருவத்திலிருந்து கன்னம் வரை கிழித்துக்கொண்டு போனது. தம்பி ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, மறு கையில் அகப்பட்ட ஸ்பேனரைக் கண்மண் தெரியாமல் சுழற்றினான். அது அண்ணனின் தாடையில் இறங்கியது. இரண்டு பற்கள் தெறித்து விழுந்தன. அண்ணன் வாயில் ரத்தம் ஒழுகப் பாய்ந்து, தம்பியின் தலைமுடியைப் பிடித்து மெஷினின் இரும்புப் பலகையில் மோதினான். ஒரு தடவை, இரண்டு தடவை.

"விடுங்கய்யா! நான் சும்மா சொன்னேன்!" என்று பீப் நடுவில் பாய்ந்தார். யாருடைய முழங்கையோ அவர் மூக்கை உடைத்தது. வேலையாட்கள் ஓடிவந்து இருவரையும் பிரிப்பதற்குள் தரையெல்லாம் ரத்தத்தில் வழுக்கியது.

தம்பி கீழே உட்கார்ந்து, "லைட்டை யாரு அணைச்சது? லைட்டைப் போடுங்கடா" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்.

தம்பியை ஆஸ்பத்திரிக்கும் அண்ணனை ஸ்டேஷனுக்கும் கொண்டுபோனார்கள். பீப்புக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மூக்கில் துணியை அடைத்துக்கொண்டு பெட்டியின் முன் உட்கார்ந்தார். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். ஐந்து வோல்ட், பன்னிரண்டு வோல்ட், இரண்டும் சரி. சொருகியிருந்த கார்டுகளை ஒவ்வொன்றாக உருவினார். அடியில் கடிகார பேட்டரி கசிந்து, போர்டின் மெல்லிய செம்புக் கோடுகளைப் பச்சையாக அரித்திருந்தது. வருஷக்கணக்கில் தானாக நடந்த அரிப்பு. யார் கையும் படவில்லை.

பக்கத்தில், பவர் சப்ளையின் மேல், ஒரு சின்னக் காகிதம் ஒட்டியிருந்தது. 'விசிறி மாற்றியது' என்று மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி. அவருடைய கையெழுத்தேதான். அன்றைக்கு ஒரு திருகாணி கைதவறி மெஷினுக்கு அடியில் உருண்டதும், குனிந்து தேடச் சோம்பல்பட்டு அப்படியே மூடிவிட்டுப் போனதும் இப்போதுதான் ஞாபகம் வந்தது.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். வராந்தாவில் தம்பியின் மனைவி நின்றிருந்தாள்.

"அம்மா, அதைத் திறந்தது நான்தான். மூணு வருஷம் முன்னாடி. உங்க வீட்டுக்காரர் தொடவே இல்லை. நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் கையிலிருந்த எவர்சில்வர் பிளாஸ்க்கால் அவரை அடித்தாள். நெஞ்சில், தோளில், ஏற்கெனவே உடைந்திருந்த மூக்கில். அவர் கையைத் தூக்கவில்லை. நர்ஸ்கள் வந்து அவளை இழுத்துப் போனார்கள்.

அடுத்து ஸ்டேஷனில் அண்ணனிடம் சொன்னார். அவன் திரும்பி நின்று சுவரில் தன் நெற்றியை மோத ஆரம்பித்தான். இரண்டு காவலர்கள் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

தம்பியின் இடது கண் போய்விட்டது. அண்ணனுக்கு மூன்று வருஷம் சிறை. பீப் கோர்ட்டிலும் அதையேதான் சொன்னார், வீட்டில் மனைவியிடமும் சொன்னார். அவள் ஒன்றும் கேட்கவில்லை, தந்திரமா என்று கூட.

எட்டு மாதம் கழித்துத் தம்பியே கூப்பிட்டான். பீப் அடிவாங்கத் தயாராகத்தான் போனார்.

"அதைச் சரிபண்ணுங்க" என்றான் தம்பி.

அவர் வாயே திறக்கவில்லை. பேட்டரியை அகற்றி, வினிகர் தொட்டுப் பச்சையைத் துடைத்து, அறுந்த கோடுகளுக்கு மயிரிழைக் கம்பி வைத்துப் பற்றவைத்தார். ஸ்விட்சைப் போட்டதும் 'கீச்' என்று ஒரே ஒரு சத்தம். திரையில் எண்கள் ஓடின. தம்பி சொன்னபடி எல்லா வரைபடங்களையும் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்.

முடிந்ததும் தம்பி சம்மட்டியைத் தூக்கினான். ஒரு கண்ணால் குறி தவறியது. முதல் அடி மேஜையில் விழுந்தது. இரண்டாவது அடியில் திரை வெடித்தது. பிறகு நிறுத்தவே இல்லை. கண்ணாடி காலில் குத்தியும் நிறுத்தவில்லை.

"அண்ணன் வெளியே வர்றப்போ இது அவன் கண்ணுல படக் கூடாது" என்றான் மூச்சிரைக்க. பிறகு சம்மட்டியை பீப்பிடம் நீட்டினான். "நீங்களும் போடுங்க."

அவர் வாங்கி, தோள்பட்டை விட்டுப்போகும்வரை போட்டார்.